கடலேட்டில் இனிகோ

பங்குச் சாமியார் வீட்டுக் கூட்ட அறையில் அன்று பிற்பகல் ஆறு பேர் இருந்தோம். மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, பங்குத்தந்தை ஜெரோம் அடிகள். அவருக்கு வலப்பக்கம் கடல் வாசிப்பு நிலையத்திலிருந்து வந்திருந்த முனைவர் மாதங்கி. அவர் காலடியில் தையல் மெஷின் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. எதிரே, மேசையை விட்டுச் சற்றுத் தள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காணாமல் போன இனிகோவின் அண்ணன் சந்தியாகு மச்சாது. கதவோரப் பெஞ்சில் இனிகோவின் மனைவி ரெஜினாள். அவளை ஒட்டி, யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்ட மீன் வியாபாரி விக்டோரியா மதினி. மீனவர் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் நான் மேசையின் கடைசி மூலையில், காற்றில் தாள் பறக்காமலிருக்க ஒரு கிளிஞ்சலை மேலே வைத்துக்கொண்டு.

ரெஜினாளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அது இனிகோவுக்கு. உயிரோடு இருப்பவரை அழைக்காமல் அவரைப் பற்றிக் கூட்டம் போடக் கூடாது என்பது நிலையத்தின் விதி. ஆகவே அவன் பெயருக்கும் ஓர் அழைப்பு வந்திருந்தது. அதை நான்தான் ரெஜினாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, பிரிக்காமல், அரிசிப் பானைக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசிப் புயலில், எங்கள் சூசையார்துறையிலிருந்து போன படகு ஒன்று கவிழ்ந்தது. நாலு பேர் போயிருந்தார்கள். மூன்று பேரைக் கடல் ஒவ்வொருவராகக் கரையேற்றியது. இனிகோவை மட்டும் தரவில்லை.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. உடல் கரையேறாதவனின் வீட்டுப் பெண், ஞாயிறு பூசை முடிந்ததும் அவனுடைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கோயில் படித்துறையில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, சட்டைக் கையைத் தண்ணீரில் தோய்த்தபடி நிற்பாள். மணம் காட்டுவது என்று பெயர். மணம் தெரிந்தால் கடல் உடையவனைத் தேடிக் கொண்டுவந்து விடும் என்று நம்பிக்கை. ஜெரோம் அடிகள் இதைத் தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஜெபமாலையோடு மாடிக்குப் போய்விடுவார். ரெஜினாள் ஞாயிறுதோறும் போய் நின்றாள்.

புயல் கழிந்து ஒரு வருஷத்தில் கடல் வாசிப்பு நிலையம் வந்தது. மாதங்கியை நாங்கள் முதலில் பார்த்தது அந்தப் படித்துறையில்தான். ஒரு கண்ணாடித் தகட்டைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கி, மெள்ள மேலே தூக்கி, அதில் ஒட்டி வந்ததை ரப்பர் பட்டையால் ஒரு குப்பிக்குள் வழித்துக்கொண்டிருந்தார்.

"கார் கண்ணாடி தொடைக்கதுக்கா தாயி இம்புட்டுப் படிச்ச?" என்று கேட்டாள் விக்டோரியா மதினி.

மாதங்கி சிரித்துக்கொண்டே சொன்னார். "பால் காய்ச்சினா மேல ஏடு படியுதில்லங்க, அது மாதிரி கடலுக்கும் ஒரு ஏடு இருக்கு. முடி கனம்கூட இருக்காது. தண்ணில கரைஞ்சது, மிதக்கறது, செத்தது, அழுகினது, எண்ணெய், கொழுப்பு எல்லாம் கடைசியில மேல வந்து அதுலதான் ஒட்டிக்கும். மனுஷன் உடம்பு எண்ணெயும்தான். ஒருத்தர் எண்ணெய் மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. அவர் துணி ஒண்ணு குடுத்தீங்கன்னா, அந்த எண்ணெய் ஏட்டுல இருக்கான்னு இந்தப் பெட்டி தேடிச் சொல்லிடும்."

"செத்துப் போனவனுக்குமா?"

"செத்தவங்களோடது வேற மாதிரி இருக்கும். உயிரோட இருக்கறவங்க தோல் எண்ணெய்ல ஒரு பச்சை வாடை உண்டு. வெயில்ல அஞ்சாறு நாள்கூடத் தாங்காது. அது இருந்தா, ஆள் இந்தக் கடலைப் போன வாரம் தொட்டிருக்கார்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் சில காரியங்கள் மாறின. அலை நுரையைக் காலால் எத்தி விளையாடிய பிள்ளைகளைத் தாய்மார் அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வலை இழுத்து வந்தவர்கள் கடல் தண்ணீரில் வாய் கொப்பளிப்பதை விட்டார்கள். பக்கத்து உப்பளத்து உப்பை வாங்காமல் டவுனிலிருந்து பாக்கெட் உப்பு வாங்கினார்கள். அதுவும் ஏதோ ஒரு கடலின் உப்புதான் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடல் எல்லோரையும் வைத்திருக்கிறது என்பது நாங்கள் பிரசங்கத்தில் கேட்டுப் பழகிய பேச்சு. பெட்டி ஒன்று அதைப் பேர் சொல்லிச் சொன்னபோது தாங்க முடியவில்லை.

ரெஜினாள் துணி கொடுத்தாள். முதல் மாதமே பதில் வந்தது: இனிகோ மச்சாது. உயிர்.

அன்று ஊரே அவள் வீட்டு வாசலில் நின்றது. சந்தியாகு வெடி வாங்கி வந்து வெடித்தான். அடுத்த மாதமும் அதே பதில். அதற்கடுத்த மாதமும். ஆனால் ஆள் வரவில்லை. பதில் வரவர ஊர்ப் பேச்சு திரும்பியது. உயிரோடு இருக்கிறவன் ஏன் வரவில்லை? அக்கரையில் ஒதுங்கியிருப்பான், அங்கே ஒருத்தி கிடைத்திருப்பாள், பிள்ளைகூடப் பிறந்திருக்கும். பிள்ளைக்கு என்ன பேர் வைத்திருப்பான் என்பது வரைக்கும் ஏலக்கூடத்தில் பேசினார்கள். சந்தியாகு அக்கரை வியாபாரிகளிடம் தம்பியின் படத்தைக் கொடுத்துத் தேடச் சொன்னான். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, "உசுரோட இருந்துக்கிட்டு வராதவன் எனக்குத் தம்பியே இல்ல" என்று பரணில் போட்டான்.

கல்லறைத் திருநாளில் மற்ற மூன்று வீட்டாரும் மெழுகுதிரி ஏற்றினார்கள். ரெஜினாள் ஏற்றவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு எப்படி ஏற்றுவது? அந்த மூன்று பெண்களோடும் நிற்க அவளுக்கு இடமில்லை. புருஷன் உள்ள பெண்களோடும் நிற்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினாள்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அந்தக் கூட்டம்.

மாதங்கி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன். முன்னாடி எல்லாம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் எங்களால சொல்ல முடிஞ்சது. இப்ப எங்க அடர்த்தியா இருக்குன்னு வரைய முடியுது. இனிகோ எங்க இருக்கார்னு தெரிஞ்சிடுச்சு."

ரெஜினாள் எழுந்துவிட்டாள். விக்டோரியா மதினி முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அக்கரைதான?" என்றான் சந்தியாகு. "ஊர் பேரச் சொல்லுங்க. நாளைக்கே போயி செவிட்டுல ரெண்டு போட்டுக் கூட்டியாறேன்."

மாதங்கி வரைபடத்தை விரித்தார். வளைகுடா முழுக்க வெளிறிய நீலம். அக்கரையோரம் ஒன்றுமில்லை. நடுக்கடலில் ஒன்றுமில்லை. இக்கரையில் ஒரே ஓர் இடத்தில் சிவப்பு, உறைந்த ரத்தம் போல. அதன் மேல் விரலை வைத்தார்.

"இங்க. உங்க கோயில் படித்துறைக்குக் கீழ."

ஜன்னலுக்கு வெளியே அதே படித்துறையில் அலை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனையோ காலமாகக் கேட்டுப் பழகிய சத்தம். அன்றைக்கு அது ஆள் மூச்சு விடுவதுபோல் இருந்தது. விக்டோரியா மதினி நெற்றியில் சிலுவை போட்டாள். என் பார்வை காலி நாற்காலிக்குப் போனது. மற்றவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தியாகு திரும்பி ரெஜினாளைப் பார்த்தான். "ஒளிச்சு வச்சிருக்கியா?"

"அத்தான்!"

"வேற என்னட்டி அர்த்தம்? ஊருக்குள்ளயே இருக்காம்னு மெசினு சொல்லுது."

"வாங்க, வந்து பாருங்க. இருக்கது ரெண்டு அறை. கட்டிலுக்குக் கீழயும் பாருங்க. கெடைச்சா எனக்கும் காட்டுங்க." அவள் கையை விரித்தாள். "மூணு வருசமா நானும் தேடிக்கிட்டுத்தான இருக்கேன்."

"சந்தியாகு, உக்காரும்" என்றார் அடிகள். மாதங்கியின் பக்கம் திரும்பினார். "இத்தன மாசத்துல ஒரு தடவையாவது தெரியாமப் போனது உண்டாம்மா?"

"ஒரே தடவை, ஃபாதர். போன பிப்ரவரி. அந்த மாசம் முழுக்க எங்கயுமே இல்ல. மார்ச்ல திரும்ப வந்துடுச்சு."

"பிப்ரவரியா?" விக்டோரியா மதினி ஒரு வழியாக மூச்சு விட்டாள். "அப்பதான இவ பித்தப்பைக் கல்லுக்கு ஆசுபத்திரியில கெடந்தா. கஞ்சி கொண்டுக்கிட்டு நான்லா பஸ்ஸு ஏறி எறங்கினேன். உப்பில்லாக் கஞ்சியாம், இவளுக்கு எறங்கலையாம். கோழிக் கொழம்பு கேட்டா பாருங்க, வயித்துல தையலு போட்டவ!"

அடிகள்கூட லேசாகச் சிரித்தார். ரெஜினாள் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"டாக்டரம்மா, நான் ஒரு சட்டை தந்தேம்லா. காலர மட்டும் வெட்டிக்கிட்டு மிச்சத்தத் திருப்பித் தந்தீயளே."

"ஆமாம். துவைக்காத துணி வேணும்னு கேட்டிருந்தோம்."

"தொவைக்கல. சத்தியமாத் தொவைக்கல." அவள் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். "உடுத்திருந்தேன்."

"புரியலையே."

"மணம் காட்டப் போறப்ப அதத்தான் போட்டுக்கிடுவேன். வீட்டுல படுக்கயிலயும் அதத்தான் போட்டுக்கிட்டுப் படுப்பேன். ஒரு வருசமா எங் கழுத்துலதான் கெடந்துச்சு. நீங்க கேட்டதும் அப்பிடியே கழத்தித் தந்தேன். வேற யாரும் உடுத்தினாங்களான்னு நீங்க கேக்கலையே. மணம் காட்டுத எல்லாரும் உடுத்துததுதான, அதச் சொல்லணுமான்னு நானும் சொல்லல."

மாதங்கி கையிலிருந்த பேனாவை மூடி, மேசையில் வைத்து, மறுபடி எடுத்தார்.

"ஆம்பளையா பொம்பளையான்னுகூடவா தெரியாது ஒங்க மெசினுக்கு?" என்றான் சந்தியாகு.

"அது எண்ணெயை மட்டும்தான் பாக்கும். ஆணா பெண்ணான்னு சொல்ற பாகத்தை ஏட்டுல வெயில் ஒரே நாள்ல அழிச்சுடும். ஒரு காலர்ல ரெண்டு பேர் எண்ணெய் இருந்தா..." அவர் நிறுத்தினார். "புதுசா இருக்கறதைத்தான் ஆளோடதுன்னு எடுத்துக்கும்."

பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார். உறையிலிருந்து ஒரு புதுக் கண்ணாடித் தகட்டை எடுத்து ரெஜினாள் முன்னால் நீட்டினார். நீட்டிய பிறகு, "வேணாம்னா வேணாம்" என்றார்.

ரெஜினாள் உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தினாள். மாதங்கி தகட்டைப் பெட்டிக்குள் செருகினார். அது கொஞ்ச நேரம் முனகியது. பிறகு ரயில் நிலைய அறிவிப்பு போன்ற ஒரு பெண் குரலில், தெளிவாக, அன்பாகச் சொன்னது:

"இனிகோ மச்சாது. உயிர்."

ரெஜினாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ அந்நியனுடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளும் அவிய இல்ல" என்றாள். "நாந்தான் அங்க நின்னிருக்கேன். என்னத்தான் எங்கிட்டயே வந்து சொல்லிச் சொல்லிட்டுப் போயிருக்கு."

பெட்டி மறுபடியும் சொல்ல வாயெடுத்தது. மாதங்கி அவசரமாக அதை அணைத்தார்.

சந்தியாகு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். "பிள்ள பேரு வரைக்கும் பேசினானுவ" என்று வெளியே பார்த்துச் சொன்னான். "நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். நானும் சிரிச்சேன்." தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மாதங்கி பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். நிலையத்தின் தவறு என்று எழுதித் தருவதாகச் சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார். ஆரம்பத்திலிருந்து வழித்தெடுத்த ஏடு எல்லாம் உறைகுளிரில் பத்திரமாக இருக்கிறது. நிலையம் இங்கே வருவதற்கு முன், புயலடித்த வாரத்தில் வேறு ஆராய்ச்சிக்காக எடுத்ததும் இருக்கிறது. இனிகோ மட்டுமே தொட்ட துணி ஏதாவது கிடைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்கலாம்.

"இருக்கு" என்றாள் ரெஜினாள்.

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் விக்டோரியா மதினி.

"தலையணை உறை ஒண்ணு. கடலுக்குப் போன அன்னைக்குக் காலையில தொவைக்கன்னு உருவி வச்சது. பால்மாவு டின்னுக்குள்ள அடைச்சு, சுத்தி மெழுகு ஊத்தி வச்சிருக்கேன். வருசத்துக்கு ஒருக்க, அவியளோட நாமத் திருநாளைக்குத் தொறப்பேன். கையால தொட மாட்டேன். மூச்ச இழுத்து மோந்து பாத்துட்டு, விடுமுன்ன மூடிருவேன்."

மாதங்கி தயங்கினார். "புதுத் துணின்னா ஒரு துண்டு போதும். இவ்வளவு பழசுன்னா முழுசையும் கரைக்கணும், ரெஜினாள். எதுவும் திரும்பி வராது."

"கரைச்சாப் பதில் தெரியுமா?"

"உறுதி இல்ல. ஏட்டுல அவர் கிடைச்சா, எந்த வாரம், எந்த இடம், எப்படி இருந்தார்னு சொல்ல முடியும். கிடைக்கலன்னா, உயிரோட இருக்கார்னு அர்த்தம் இல்ல. தெரியலன்னுதான் அர்த்தம்."

"குடுக்காதட்டி" என்றாள் விக்டோரியா மதினி. "சட்டையிலதான் ஒம் மணம் ஏறிப்போச்சு. அவன்னு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் இவிய மருந்துல போட்டுக் கரைச்சுட்டு, தெரியலன்னு ஒரு தாளு அனுப்புவாவ. அப்ப என்ன செய்வ? தாள மோந்து பாப்பியா?"

மாதங்கி இதற்குக் கோபப்படவில்லை. "அவங்க சொல்றது சரிதான்" என்றார். "இன்னிக்கே முடிவு பண்ண வேணாம். பண்ணாலும் நான் கையோட வாங்க மாட்டேன். என் கை எண்ணெய்கூட அதுல படக் கூடாது. கையுறை, இடுக்கி, பெட்டி எல்லாம் அனுப்பறேன். குடுக்கணும்னு தோணினா ஒரு கடுதாசியோட தபால்ல அனுப்புங்க. தோணலன்னா அனுப்ப வேணாம். யாரும் கேக்க மாட்டோம்."

அந்த ஞாயிறு ரெஜினாள் படித்துறைக்குப் போகவில்லை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். அடிகள் வழக்கம்போல் மாடிக்குப் போனார். போனவர், கீழே ஒருவரும் இல்லாததைப் பார்த்து இறங்கி வந்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அவள் போகவில்லை. நிலையத்திலிருந்து அந்த மாதத்துப் பதில் வந்தது: இல்லை. அந்த ஒரு வார்த்தையை நான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். "என்னையும் காணோம்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் சங்கக் கட்டடத்துக்கு வந்தாள். கையில் பால்மாவு டின். பின்னால் சந்தியாகு, நிலையம் அனுப்பியிருந்த எவர்சில்வர் பெட்டியோடு.

"கணக்கரண்ணே, ஒரு கடுதாசி எழுதணும்."

மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். தேதி, பெறுநர், பொருள் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தேன். பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"எம் புருசன் விசயமா." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. தேதி விசயமான்னு எழுதுங்க. எந்த நாள்னு தெரிஞ்சா சாமிகிட்டப் பூசைக்குச் சொல்லலாம். அவ்வளவுதான் கேக்கேன். நாள் தெரியாம மெழுகுதிரி ஏத்த முடியல."

எழுதினேன். "உள்ளே இருப்பது என் கணவர் இனிகோ மச்சாதுவின் தலையணை உறை. அவர் தவிர வேறு யாரும் இதில் தலை வைக்கவில்லை. நான் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று பல தடவை நினைத்தேன், வைக்கவில்லை. வாசித்து முடித்த பிறகு எஞ்சும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் எங்கள் படித்துறைக்குக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். பதில் எதுவானாலும் பெட்டியின் வாயால் சொல்ல வேண்டாம். ஒரு மனிதர் எழுதி அனுப்ப வேண்டும்."

சந்தியாகு சொன்னான்: "அண்ணன் சம்மதம்னு ஒரு வரி போடுங்க. எங் கையெழுத்தும் இருக்கட்டும்."

கையெழுத்து ஆயிற்று. நான் பால்மாவு டின்னைச் சுற்றியிருந்த மெழுகைக் கத்தியால் கீறினேன். ரப்பர் கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டேன்.

"ரெஜினாள்" என்றேன். "அனுப்ப முன்னால ஒருக்க வேணும்னா..."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"மோந்து பாக்கக் கூடாதுண்ணே. எம் மூச்சுப் பட்டுரும்லா."

பின்னால் நகர்ந்து சுவரை ஒட்டி நின்றாள். சேலைத் தலைப்பை மடித்து மூக்கையும் வாயையும் அழுத்தி மூடிக்கொண்டாள். நான் டின்னைத் திறந்தேன். நீலப் பூப்போட்ட உறை, நாலாக மடித்தது. நடுவில் தலை வைத்த இடத்தில் லேசான மஞ்சள். இடுக்கியால் எடுத்துப் பெட்டிக்குள் வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இடுக்கி நுனியில் துணி ஒரு தடவை நழுவித் தொங்கியது. சந்தியாகுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே ஏலக்கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் கண்கள் மட்டும் துணியோடு கூடவே டின்னிலிருந்து பெட்டி வரைக்கும் வந்தன.

மூடியை அழுத்தினேன். பூட்டு விழுந்தது. விளிம்பைச் சுற்றி நாடாவை ஒட்டினேன். அதன் பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவளைப் போல, சத்தமாக.

கடிதத்தை மடித்து உறையிலிட்டு ஒட்டி, பெட்டிமேல் வைத்துக் காடாத் துணியால் சுற்றித் தைத்தேன். தையல் முடிச்சுகளில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். மூவரும் தபால் ஆபீசுக்கு நடந்தோம். சந்தியாகுதான் சுமந்து வந்தான். ரெஜினாள் காலி டின்னைக் கையிலேயே வைத்திருந்தாள், மூடாமல்.

தபால் ஆபீஸ்காரர் பார்சலை எடை போட்டுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஒடையிற சாமானா?"

"இல்ல" என்றாள் ரெஜினாள். "ஆனா நனையக் கூடாது."

அவர் சிவப்பு மையால் அதை மேலே எழுதி, முத்திரை குத்தி, பார்சலைப் பைக்குள் இறக்கி வாயைக் கட்டினார்.